தல்கீனில் சொன்ன பெயர்

எருக்கலம்பிட்டி,
மன்னார்.
18.07.1932

கற்பிட்டியில் இருக்கும் தங்கச்சி உம்மு குல்சூமுக்கு உன் காக்கா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளை ஸுஹறாவும் ஆண்டவன் காவலில் சுகமாக இருக்கவேண்டும் என்று துஆக் கேட்கிறேன்.

தந்தி உனக்கு வெள்ளிக்கிழமைதான் கிடைத்திருக்கும். உம்மம்மா வியாழக்கிழமை லுஹர்த் தொழுகைக்கு முன்னர் மௌத்தானார். பெரிய கஷ்டம் ஒன்றும் படவில்லை. உன் மதினி றாபியா கொடுத்த தண்ணீரில் இரண்டு மிடறு குடித்தார், கலிமாச் சொன்னார், அவ்வளவுதான். அன்று அஸருக்குப் பிறகு அடக்கிவிட்டோம். உனக்காகக் காத்திருக்க வழியில்லை. அதை நீ பொறுப்பாய் என்று தெரியும்.

நீ பொறுக்காத வேறொன்று இருக்கிறது. ஸுஹறாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையுடைய பெரிய வாப்பா அன்று மன்னாரில் நின்றவர், ஜனாஸாவுக்கு வந்திருந்தார். மையவாடியில் அடக்கும்போது நான் சொன்ன பெயர் அவர் வாயால் இதற்குள் உன் வீட்டுக்கு வந்திருக்கும். என் கையெழுத்திலும் ஒரு தரம் படித்துவிடு. நான்கு நாளாகச் சரியான நித்திரை இல்லை. முன்பின்னாக எழுதினால் குறை நினைக்காதே.

உம்மம்மா இந்த வீட்டுக்கு எடுத்து வளர்த்த பிள்ளை என்பது நமக்குத் தெரியும். உன் புகுந்த வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டோம். அவரைப் பெற்றவள் யார் என்பது யாருக்கும் தெரியாதிருந்தது. மாசி மாதம் படுக்கையில் விழுந்தவுடன் அவர் என்னைப் பக்கத்தில் இருத்திக் கேட்டார்: "சாஹுலு, கபுறில வெச்சுத் தல்கீன் ஓதக்குள்ள, தாய்ட பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

தாய் தெரியாதவர்களை ஹவ்வாவின் பிள்ளையே என்று அழைப்பது வழக்கம் என்றேன். "அது எல்லாருக்கும் உள்ள உம்மா. எனக்கெண்டு ஒருத்தி இருந்திருப்பாதானே, வீசிப்போட்டுப் போனவளா இருந்தாலும்" என்றார். எழுபத்திரண்டு வயதில் அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வது?

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை இல்லாத சனிக்கிழமைகளில் அலைந்தேன். பள்ளிவாசல் லெப்பையின் பழைய கொப்பிகளில் ஒன்றுமில்லை. அரசாங்கக் கச்சேரியிலும் அவ்வளவு பழைய பதிவு கைக்கு அகப்படவில்லை. அப்போதுதான் நீ எழுதினாய்: "காக்கா, அதைக் கிண்டாதேங்கோ. மாப்பிள்ளை வீட்டார் வமிசம் பாக்கிற ஆக்கள். என்ட பிள்ளைட வாழ்க்கையை நினைச்சுப் பாருங்கோ." அந்தக் கடிதத்தை உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. உனக்கும் பதில் எழுதவில்லை. இரண்டும் என் பிழைதான்.

அவரை வளர்த்த சரீபா உம்மா, சாகும்போது காய்ச்சலில் "வங்காலை, வங்காலை" என்று பிதற்றியதாக உம்மம்மாவே ஒரு நாள் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு வங்காலைக்குப் போனேன். பழைய கதை தெரிந்த ஆள் யார் என்று கேட்டதற்கு, கோயிலில் மணி அடிக்கிற மனிதர் ஒரு வீட்டைக் காட்டினார். அங்கே மார்த்தா என்று எண்பது வயதுக் கிழவி, கண் மங்கி, வலைக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தார். எருக்கலம்பிட்டி அபூசாலி மரைக்காரின் வீட்டில் இருந்து வருகிறேன் என்றதும், "அந்தப் பிள்ளை இன்னும் இருக்குதோ?" என்று கேட்டார்.

அவர் சொன்னதைச் சொல்லுகிறேன். கோப்பித் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த கூலிச் சனம் அந்த நாளில் வங்காலைக் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து போகும். அப்படி வந்த ஒருத்தியின் புருஷன் கரையிலேயே வாந்திபேதியில் செத்துப்போனான். அவள் பெயர் காத்தாயி. கையில் பத்து நாள் பிள்ளை. பிள்ளையோடு காடு தாண்டமாட்டாய், ஆட்கள் விடியப் புறப்படுகிறார்கள் என்று கங்காணி சொல்லிவிட்டான். மார்த்தாவின் தாய்க்கும் அப்போது கைப்பிள்ளை. இரண்டுக்கும் பால் கொடுக்கிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து எடுப்பேன் என்று கோயில் வாசலில் சத்தியம் செய்துவிட்டுக் காத்தாயி போனாள்.

ஒரு வருஷம் கழித்து, அவர்களிடம் கருவாடு வாங்கப் போகிற நம்முடைய மரைக்கார், பிள்ளையில்லாத தன் பெண்சாதி சரீபா உம்மாவுக்காக அந்தக் குழந்தையைக் கேட்டு எடுத்து வந்தார். தாய் வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பேச்சு.

தங்கச்சி, அவள் வந்தாள். அதற்கும் மூன்று வருஷம் கழித்து, மாத்தளையிலிருந்து நடந்து வந்தாள். மார்த்தாவின் தாய் அவளை இங்கே கூட்டிவந்தார். மார்த்தாவும் கூட வந்தவர். நம்முடைய இந்த வாசலில் வைத்துத்தான், பிள்ளை அம்மை வந்து மௌத்தாகிவிட்டது என்று சரீபா உம்மா சொன்னார். மரைக்கார் அவளைக் கூட்டிப்போய் மையவாடி ஓரத்தில் யாருடையதோ ஒரு சின்னக் கபுறைக் காட்டினார். அவள் அதன் பக்கத்தில் வெயில் சாயும்வரை இருந்துவிட்டு எழும்பிப் போனாள். பிறகு அவளை ஒருவரும் காணவில்லை.

"நாங்கள் வாசலில நிக்கேக்க உள்ளுக்குப் பிள்ளை சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டது, தம்பி. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அம்மா என்ர கையை நசுக்கிப் பிடிச்சவ. மரைக்காரை விட்டால் எங்கட கருவாட்டை வாங்க ஆள் இல்லை" என்று மார்த்தா சொல்லி அழுதார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெயரை மட்டும் சொல்வோமா, எல்லாவற்றையும் சொல்வோமா என்று யோசித்தேன். நம்மைத் தூக்கி வளர்த்தவர் உம்மம்மா. உம்மம்மாவைத் தூக்கி வளர்த்தவர் சரீபா உம்மா. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் நான் எப்படிச் சொல்ல? ஆனால் "வீசிப்போட்டுப் போனவள்" என்ற சொல் காதிலேயே நின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தேடி வந்தவளா?" என்று உம்மம்மா கேட்டார். ஓம் என்றேன். "நடந்தா வந்தவ?" ஓம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. சரீபா உம்மாவின் பெயரை அதற்குப் பிறகு அவர் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மௌத்தானவர்களுக்காக யாசீன் ஓதும்போது எப்போதும்போல அவருக்கும் சேர்த்தே ஓதச்சொன்னார். மூன்றாம் நாள் மார்த்தாவைக் கூட்டி வரச்சொன்னார்.

சோளகக் காற்று எழும்புவதற்கு முன்னர், மார்த்தாவின் மகன் வின்சன்ட் தாயை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். உள்ளே வந்து கட்டிலடியில் இருந்ததும் மார்த்தா, "நான் வாய் திறக்கேல்லை, பிள்ளை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றார். உம்மம்மா அவருடைய கையைத் தடவிப் பிடித்து, "நீ சின்னப் புள்ள. நீ சொன்னா ஆரு கேட்டிருப்பாங்க? அதை விடு. அவ எப்படி இருந்தவ, அதைச் சொல்லு" என்றார். நல்ல உயரம், நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் சரியும், பேச்சுக் குறைவு என்று மார்த்தா சொன்னார். நம்முடைய உம்மா நடந்த விதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அன்று முழுவதும் அந்த இரண்டு பேரும் கை விடாமல் இருந்தார்கள். றாபியா இரண்டு பேருக்கும் சோறு ஊட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உம்மம்மா என்னிடம் வாக்கு வாங்கினார். "காத்தாயிட மகள் எண்டே என்னைக் கூப்பிடோணும். அந்த மையவாடில வெச்சுத்தான் அவளுக்குப் பொய் சொன்னாங்க. அங்க வெச்சே உண்மையைச் சொல்லு." சரி என்றேன். கொஞ்சம் பொறுத்து அவரே, "குல்சூம் பயந்துகொண்டு இருப்பா. என்னட்டச் சொல்லாட்டியும் எனக்கு விளங்கும். ஸுஹறாட நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும் நான் இருக்கப் பாக்கிறன்" என்றார்.

பார்த்தார், குல்சூம். விருப்பமில்லாத மருந்தையெல்லாம் குடித்தார். கலியாணத்துக்கு மௌலூது மாதம் கழிய வேண்டுமே, இன்னும் எத்தனை நாள் என்று காலையில் எழும்பியதும் கேட்பார். கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது முடியாமல் போய்விட்டது.

கபுறடியில் லெப்பை என்னைப் பார்த்துத் தாயின் பெயர் கேட்டார். வஸீர் மாமா என் முழங்கையைத் தொட்டு, "ஹவ்வா எண்டு சொல்லு, எல்லாருக்கும் சுகம்" என்று காதுக்குள் சொன்னார். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா எதிரே நின்றார். உன் முகமும் என் கண்ணுக்குள் தெரிந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை. காத்தாயி என்றேன். லெப்பை மறுபடி கேட்டார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் அந்தப் பெயரைச் சேர்த்தே ஓதினார். பெரிய வாப்பா கைகொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் வராமலே போனார்.

அவர்களிடமிருந்து என்ன பதில் வந்ததோ தெரியவில்லை. கலியாணம் நின்றுபோனால் அந்தப் பாவம் என் தலையில். நீ சொன்னால் நானே வந்து அவர்கள் வாசலில் நின்று பேசுகிறேன். உம்மம்மா செய்த குற்றம் எதுவும் இல்லை, ஸுஹறா செய்ததும் எதுவும் இல்லை. பிள்ளைக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் விடுவதும் உன் இஷ்டம். வாசித்துக் காட்டு என்றுதான் என் மனம் சொல்லுகிறது.

றாபியா உன்னை விசாரிக்கிறாள். அவளும் மெலிந்துபோனாள். மார்த்தாவுக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம். சோளகத்தில் வள்ளம் விட முடியாது, கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஆவணி பிறந்து ஏழாம் நாள் உம்மம்மாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிறோம். ஆண்டவன் உன் பிள்ளைக்கு நல்ல மனமுள்ள ஒரு வீட்டைக் கொடுக்கட்டும், அது இந்த மாப்பிள்ளை வீடானாலும் வேறு வீடானாலும். நீ என்மேல் கோபமாக இருப்பாய். கோபத்தோடேயே வா. ஏசுவதானால் வந்து நின்று ஏசு, கேட்டுக்கொண்டிருக்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும் காக்கா,
சாஹுல் ஹமீட்