சிவப்பு வண்டியைச் சொன்னது நான்தான்

தை 12, புதன் இரவு

சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் துரை ஒருவர் இரண்டு மோட்டார் சைக்கிள்களை விற்கிறார். இன்று அப்பா அஸ்தம்பட்டி சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். பின்னால் நான் உட்கார்ந்தேன். கறுப்பு வண்டி அலுங்காமல் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு வண்டி போட்ட சத்தத்தில் என் வகுப்புப் பெண்கள் பள்ளிக்கூட வாசலுக்கே ஓடி வந்து கையசைத்தார்கள். இறங்கும்போது அதன் புகைக்குழாய் என் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எது தேவலாம் சாமி? பொறத்தால உக்காரப்போறது உங்கம்மா. நீயே சொல்லு."

"சிவப்புதானுங்கப்பா."

"கறுப்பு குலுக்கவே இல்லையே?"

"அது எருமையாட்டப் போவுதுங்க."

அப்பா சிரித்துவிட்டுச் சிவப்பையே பேசி முடித்தார். காலையில் வண்டி வருகிறது.

கொப்புளம் நாவற்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது. இப்போது சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார். படுக்கப் போகும் முன் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏஞ்சாமி, அதுல உக்காந்தா பயமா இருக்குமா?"

"இல்லீங்கம்மா."

அதைச் சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு உடுத்திக்கொள்ளத் தன் கல்யாணப் புடவையை எடுத்து வைத்திருக்கிறாள்.