காட்டுப்பள்ளி மணலில் நீ நிறுத்திய ஜீப்

மாமு,

இன்று காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் லாரி டயர் ஒன்றின் வால்வைத் திருகி எடுத்ததும், உள்ளே எத்தனை மாதமாகவோ அடைந்து கிடந்த காற்று புஸ்ஸென்று என் முகத்தில் அடித்தது. ஒரே ரப்பர் வாடை. "தள்ளி நில்லு பெர்சு" என்றார். நான் தள்ளவில்லை. நீ போய் நாலு மாதம் ஆகிறது. அழ வேண்டிய இடத்திலெல்லாம் அழாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றவன், பஞ்சர் கடை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாடையை எனக்குப் பழக்கிவிட்டவன் நீ. சுனாமி வருவதற்கு மூன்று நாலு வருஷம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தார் ரோடு முடிந்து காட்டுப்பள்ளி மணல் தொடங்குகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தினாய். கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாலு டயரிலும் தீக்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்க ஆரம்பித்தாய். எனக்குப் பகீரென்றது. விடியற்காலையில் மாதவரத்தில் அடித்த காற்று அது.

"இன்னா மாமு பண்ற? லூசா நீ?"

"டயரு சப்பையானாத்தான் மணலு தாங்கும். கல்லு மாதிரி கீற டயரு நேரா உள்ள எறங்கிடும். நீ கூட கொஞ்சம் காத்த எறக்கிக்கினா தேவல."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமலே சொன்னாய். அப்போது நான் ஊதிப்போய்த்தான் இருந்தேன்.

ஜீப் உன்னுடையது அல்ல. மாதவரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த உன் மச்சான், ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து விற்பார். விற்பதற்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் இழுவை ஒழுங்காகப் போகிறதா என்று ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். கூப்பிட்டாலும் போவாய், கூப்பிடாவிட்டாலும் போவாய். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு குட்டிக் கம்பிகளை, பிறந்த குழந்தையின் காலைப் பிடிப்பதுபோலப் பிடிப்பாய். ஒன்று முன் சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுக்கும். மற்றது வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும். "இதான் வண்டி, மத்ததெல்லாம் தகர டப்பா" என்பாய். உன் சொந்த டிவிஎஸ் ஃபிப்டியும் அந்தத் தகர டப்பாக் கணக்கில்தான் வரும்.

வார நாட்களில் நீ கிரேன் டிரைவர், நான் உன் சிக்னல்மேன். திருவொற்றியூர் பக்கம், கப்பலுக்குப் போகிற கருங்கல் பாளங்களை ட்ரெய்லரில் ஏற்றுகிற யார்டு. கேபினில் இருக்கிற உனக்குக் கல்லுக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறது என்று பாதி நேரம் தெரியாது. என் கைதான் உனக்குக் கண். தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒரே ஒரு கைக்குத்தான் உரிமை, சிக்னல்மேன் கைக்கு. ஆனால் நிறுத்து என்று மட்டும் யார் கையைத் தூக்கினாலும் நிறுத்தியாக வேண்டும், யார்டைக் கூட்டுகிற அம்மா தூக்கினாலும் சரி. அதுதான் எங்கும் உள்ள விதி. எனக்கு அந்த இரண்டாவது பாதி பிடிக்காது. பத்து வருஷம் என் கைக்கு ஒரு கிரேன் ஆடுகிறது என்கிற திமிர் எனக்கு இருந்தது.

அந்த வருஷம்தான் நம் யார்டில் கூலிக்கு இருந்த பழனிக்குக் கால் போனது. ட்ரெய்லரில் கல்லை இறக்கும்போது அடியில் கட்டை வைக்கப் போனவன். கல் கொஞ்சம் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. இறக்கு என்று காட்டியது என் கை. "நான் கைய தூக்கினேன், நிறுத்தவே இல்ல" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பழனி சொன்னான். நான் பார்க்கவில்லை என்றேன். சரியாகத் தெரியவில்லை என்றாய் நீ. என்னைச் சிக்னலிலிருந்து எடுத்து, ஷெட்டில் சங்கிலி அடுக்கப் போட்டார்கள். எட்டு மாதம் இழுத்தடித்து, ஒரு திங்கட்கிழமை கடைசி விசாரணை என்றார்கள். பழனி கை தூக்கியது நிஜமென்றால் எனக்கு வேலை போகும். தூக்கவில்லை என்றால் அவனுடைய கவனக்குறைவு, அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டில் ஒன்று.

அதற்கு முந்தின நாள்தான் நீ ஜீப்போடு என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாய்.

"வூட்ல குந்திகினு இன்னாத்த கிழிக்கப் போற? வா, காத்தாட போய்ட்டு வர்லாம்."

இட்லியும் வடகறியும் பொட்டலம் கட்டி வைத்திருந்தாய். மீஞ்சூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். வழி நெடுக நிலக்கரி லாரிகள். என் சட்டையைத் தட்டினால் கரி கொட்டியது. காட்டுப்பள்ளிக்குப் பிறகு ரோடு என்று ஒன்று கிடையாது, சவுக்குத் தோப்புக்கு நடுவே மாட்டு வண்டித் தடம், அப்புறம் வெறும் மணல். இப்போது அங்கே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்து, லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அன்று நம் ஜீப்பைத் தவிர ஒரு சக்கரம் இல்லை.

நீ மணலில் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! ஒரு தடவைகூட ஆக்சிலேட்டரை உதைக்கவில்லை. மேடு வந்தால் தூரத்திலிருந்தே வேகம் சேர்த்து, உச்சியில் காலை எடுத்து, இறக்கத்தில் என்ஜினே பிடித்துக்கொள்ளும்படி விட்டாய். நிறுத்த வேண்டியிருந்தால் மேட்டின் மேல்தான் நிறுத்துவாய், பள்ளத்தில் அல்ல. எட்டு டன் கல்லைச் சத்தமில்லாமல் ட்ரெய்லரில் வைக்கிற அதே கை. நடுவில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, அரை நிமிஷத்தில் பின் சக்கரத்தைப் புதைத்தேன். எரிச்சலில் இன்னும் மிதித்தேன், இன்னும் இறங்கியது.

"மணலாண்ட கோவப்படாத மாமு. கோவப்பட்டா டயரு சுத்தும். சுத்தினா பொதையும். அவ்ளோதான் மேட்டரு." மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நீ இட்லி தின்ன உட்கார்ந்துவிட்டாய். பாவி! நான் தோண்டி முடிக்கும்போது வடகறியில் பாதி காலி.

கடலோரத் தடத்தில் கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பும்போது கழிமுகத்தை ஒட்டி ஒரு குறுக்கு வழி தெரிந்தது. தரை வெளுத்து, வெடித்து, சிமெண்டு போட்ட முற்றம் மாதிரிக் கிடந்தது. உனக்குச் சந்தேகம்.

"எறங்கு மாமு. முன்னால நடந்து கை காட்டு. எட்டு மாசமா உன் கை துரு புடிச்சி கீது."

இறங்கினேன். எத்தனை நாளைக்குப் பிறகு கையைத் தூக்குகிறேன்! கிரேனுக்குக் காட்டுவதுபோலவே காட்டினேன். வா, வா, கொஞ்சம் இடது, வா. நீ என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாய். என் கால் அந்தத் தரையில் புதையவில்லை, அதனால் ஜீப்பும் புதையாது என்று ஒரு மடத்தனமான நம்பிக்கை.

வலது பக்கம், தண்ணீரில் இடுப்பளவுக்கு ஒரு பெண் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் பறி தண்ணீரில் போய்விடும். கத்த முடியாது. நிமிர்ந்து, சேறு வழிகிற ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கினாள்.

நான் வா என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். நீ நிறுத்திவிட்டாய்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பத்து வருஷமாக என் கையை நம்பினவன், யாரோ ஒருத்தி கை தூக்கியதற்காக நடுவழியில் நிறுத்துகிறான் என்று. "நான் இங்க கை காட்டிகினு கீறேன், நீ அங்க இன்னா வேடிக்க பாக்குற?" என்று கத்தினேன். அந்தப் பெண் கரையேறி வந்து, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நைனா, கண்ணு தெர்லயா? மேலதான் காஞ்சி கீது, கீய பூரா சேறு. போன மாசம் ஒரு மாடு உள்ள பூட்ச்சி. கயிறு போட்டு இஸ்த்தும் வர்ல."

முன் சக்கரம் அதற்குள் மேல்தோலை உடைத்து, பாதி இறங்கியிருந்தது. இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் மாட்டுக்கு ஆன கதிதான். நீ அவசரப்படவில்லை. குட்டிக் கம்பிகள் இரண்டையும் போட்டு, ரிவர்ஸில், நூல் இழுப்பதுபோல இழுத்தாய். ஜீப் முனகிக்கொண்டே வெளியே வந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டாய். அவள் பறியைத் திரும்பக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள்.

என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாய். முகத்தில் ரத்தமே இல்லை. பயந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

"மாமு, பழனி அன்னிக்கு கைய தூக்கினான். நான் பாத்தேன்."

நான் ஜீப்பை ஒட்டி உன் பக்கத்தில் வந்து நின்றேன்.

"நீ எறக்குன்னு காட்டின. உன் கை தப்பா சொல்லாதுன்னு எறக்கிட்டேன். நிறுத்திக்கணும். தப்பு என்னுது. எட்டு மாசமா சொல்ல நாக்கு வர்ல. நாளைக்கு சொல்லிட்றேன்."

"உன் கிரேனு பூடும்."

"பூட்டா போவட்டும். அவன் காலே பூட்ச்சி. அவன பொய்யன்னு வேற சொல்லிகினு கீறோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டாய், என் தோளைத் தட்டினாய். எனக்குள் அப்போது இருந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. என் வேலை தப்பித்தது என்கிற நிம்மதி. எழுதவே கூசுகிறது.

திரும்பி வருகிற வழியில், சிக்கலான இடம் வந்த போதெல்லாம் என்னை இறங்கச் சொன்னாய். என் கையை நம்பி வந்தது ஒரு மணிநேரம் முன்புதான் சேற்றில் முடியப் பார்த்தது. அதைப் பற்றி ஒரு கேலிகூடச் செய்யாமல், கண்ணை என் கைமேல் வைத்து வந்தாய். தார் ரோட்டில் ஏறியதும் கால் பம்பால் நாலு டயருக்கும் மாறி மாறிக் காற்று அடித்தோம். முட்டி கழன்றுவிட்டது.

திங்கட்கிழமை நீ சொன்னதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். "பழனி கை தூக்கினது நெஜம். நான் பாத்தும் நிறுத்தல. சிக்னல்மேனுக்கு அந்தப் பக்கம் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அவன் கையே நிறுத்தச் சொல்லியிருக்கும்." பழனிக்கு யார்டு கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. எனக்குச் சிக்னல் திரும்பக் கிடைத்தது. உன்னைக் கிரேனிலிருந்து இறக்கி யார்டு டிராக்டரில் போட்டார்கள். ஊரிலேயே நல்ல கிரேன் டிரைவர், கடைசி வரை டிராக்டரில் கட்டை இழுத்தான். புது டிரைவர் ஒருவனுக்கு நான் கை காட்டிக்கொண்டு நிற்பேன். நீ டிராக்டரில் கடந்து போகும்போது ஹாரன் அடித்து, "கை அப்டியே கீது மாமு" என்பாய். அதில் ஒரு சொட்டு வயிற்றெரிச்சல் இருந்ததில்லை. நானும் தேடிப் பார்த்தவன்தான்.

அதற்கப்புறம் எத்தனை ஜீப், எத்தனை ஞாயிறு. நாகலாபுரம் மலையடிவாரத்தில் கல் ஓடைகளில் போனோம், தடா பக்கம் காட்டாற்றைக் கடந்தோம். கடினமான இடங்களில் நான் முன்னால் நடப்பேன், நீ பின்னால் வருவாய். நான் பார்த்த மனிதர்களில் உன்னளவுக்கு நேரானவன் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, இட்லியைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். நீ எட்டு மாதத்தில் சொன்னாய். எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் முடியவில்லை.

அன்று நானும் பார்த்தேன், மாமு. பழனி கை தூக்கியது எனக்கு நேராகத் தெரிந்தது. எனக்கே நிறுத்து சொல்ல இவன் யார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் விரலை இன்னொரு தடவை கீழே காட்டினேன். அவன் கையைப் பார்த்துத் தயங்கிய நீ, அந்த இரண்டாவது தடவைக்குத்தான் இறக்கினாய்.

பழனி இன்னும் புளியந்தோப்பு போர்டு வீட்டில்தான் இருக்கிறான். உன் காரியத்துக்குத் தடி ஊன்றிக்கொண்டு வந்து, "உண்மைய சொன்ன ஒரே ஆளு பூட்டாரு" என்று என்னிடமே சொல்லி அழுதான். தலையை ஆட்டினேன். நாளைக்கு அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். உன் பேரில் இத்தனை வருஷம் கிடந்த தப்பை எடுத்து, என் பேரில் போட்டுவிட்டு வருகிறேன்.