ஒரு வயிற்றில் இரண்டு வைத்தியம்

சுசீந்திரம்,
ஆடி 6.

அன்புள்ள அத்தானுக்கு, பகவதி எழுதுவது. நானும் அஸ்வதியும் நலம். நீங்கள் நலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஏசுஅடிமை கொண்டுவந்து தந்தார். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கன்னியாகுமரியில இருந்து சுசீந்திரத்துக்கு சார் எதுக்கு டீச்சர் கடிதம் போடுகாரு, பஸ்ஸில ஏறினா அரை மணி நேரம்லா, வீட்டுல ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். சார் ஓய்வுக்குத் தங்கியிருக்கிற வைத்திய வாழ்வகத்தில் செல்போனை வாங்கி மண்பானைக்குள் போட்டு மூடிவிட்டார்கள், கடிதம் மட்டும்தான் எழுதலாம் என்றேன். தபால்காரருக்கு அந்த வைத்தியம் பிடித்துவிட்டது. ஊர் முழுக்க இதைச் செய்யலாமே என்றார்.

நீங்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. வங்கியில் ஆடிட் நடந்த வாரம் குக்கர் விசிலுக்கு 'யெஸ் சார்' என்று எழுந்து நின்ற மனிதருக்கு ஓய்வு வேண்டியதுதான். ஆனால் கடிதத்தில் கையெழுத்துதான் உங்களுடையது. 'உடல் ஒரு தோணி, மனம் அதன் துடுப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான நாளில் இருந்து நீங்கள் எனக்கு எழுதியதெல்லாம் 'வர லேட்டாகும்' என்பது ஒன்றே. பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதிய வரியை விடைத்தாள் திருத்துகிறவள் கண்டுபிடிக்க மாட்டாளா? அந்த வாசகம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

காலையில் 'விழிப்புக் கஷாயம்' தருகிறார்கள், சுக்கும் கருப்பட்டியும் போட்டது, அமிர்தம் என்கிறீர்கள். என் அம்மா அதையே சுக்குக் காப்பி என்று தந்தபோது உங்களுக்குத் தலைவலி வந்தது. மனம் அடங்க வெறுங்காலோடு சேற்றில் நடக்கிறீர்களாம். தேரூர் வயலுக்கு வரச் சொன்னால் கால் வெடிப்பு என்பீர்கள். இதைக் கேட்ட தாணுலிங்கம் சித்தப்பா, நம்ம வயல்லயும் ஒரு போர்டு வச்சா போதும் போல இருக்கே என்றார்.

மூன்று பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் காலைக்கடன் பற்றி வருகிறது. பிரஷர் மாத்திரை பற்றி ஒரு சொல் இல்லை. ஷேவிங் பைக்குள் இரண்டு அட்டை வைத்திருந்தேன். சாப்பிடுகிறீர்களா இல்லையா? தோணி, துடுப்பு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
பகவதி.

சுசீந்திரம்,
ஆடி 11.

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் கிடைத்தது. நான் கேட்டது மாத்திரை. நீங்கள் சொல்லியிருப்பது, 'நான் மருந்துப் பத்தியத்தில் இருக்கிறேன். வேறெதுவும் உள்ளே போகக் கூடாது.'

இரண்டு தடவை வாசித்தேன். இந்த வாக்கியம் எந்தச் சுவரிலும் தொங்கவில்லை. இது மாமா, உங்கள் அப்பா, சொன்னது.

ஓர் ஆடி மாதம் மாமா மருந்துக்கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். கஞ்சி தீரும்வரை பிரஷர் மாத்திரையைத் தொட மாட்டேன் என்றார். ஒரு வயித்துல ரெண்டு வைத்தியன் இருந்தா சண்டைதான் வரும் மக்கா என்று உங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நான் சொன்னதற்கு, கஞ்சி குடிக்கதுக்கும் டாக்டரா என்றீர்கள் நீங்கள். ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். அதன் பிறகு இருந்த காலம் முழுவதும் இடது கையால்தான் சாப்பிட்டார். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முயன்று, வாய் கோணிப்போய், அழுதுவிடுவார். கஞ்சி மேல் குற்றமில்லை. மாத்திரையை நிறுத்தினதுதான் குற்றம் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டது.

இப்போது அங்கே யாரோ உங்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று தெரிய வேண்டும். வாழ்வகத்துக்குப் போன் செய்தேன். அன்பர் மௌனத்தில் இருக்கிறார் என்றது ஒரு பெண்குரல். நான் மௌனத்தில் இல்லை என்றேன். சனிக்கிழமை தங்கையன் ஆட்டோவில் வருகிறேன்.

பகவதி.

சுசீந்திரம்,
ஆடி 14.

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று வந்தேன். உங்களுக்கு அது தெரியும். நீங்கள் தியானத்தில் இருப்பதாகச் சொல்லியனுப்பினீர்கள். வெளியே ஆட்டோவில் இருந்த தங்கையன், நம்ம சாரு மாதிரி ஒரு ஆளு இடுப்புல துண்டோட தென்னைக்குப் பொறத்தால பாஞ்சாரே டீச்சர் என்றான். தியானத்தில் எத்தனையோ வகை இருக்கலாம். இதை நான் படித்ததில்லை.

வைத்தியரைச் சந்தித்தேன். தாடியும் உருத்திராட்சமுமாக ஒருவரை எதிர்பார்த்து, வழி முழுவதும் வசைகளை அடுக்கிவைத்திருந்தேன். டாக்டர் சுபிதா என்று மார்த்தாண்டத்துக்காரப் பெண், ஆயுர்வேதக் கல்லூரியில் படித்தவள், பிரஷர் பார்க்கும் கருவியோடு வந்து உட்கார்ந்தாள். என் வசை எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தச் சொன்னாய் என்றேன். எந்த மாத்திரை அக்கா என்றாள்.

வந்த அன்றே உங்களிடம் கேட்டாளாம், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. ஒன்றுமில்லை, இரும்பு உடம்பு என்றீர்களாம். பிரஷர் ஏறியிருக்கிறதே என்றதற்கு, மாடிப்படி ஏறி வந்தேன் என்றீர்களாம். அக்கா, அவரு ரூமு கீழதான் என்றாள். அவளுக்கும் அன்றைக்கே சந்தேகம் வந்து, ஆவிக்குளியலை நிறுத்தி வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அவள் சொன்னது இது: எங்க மருந்தும் உங்க மாத்திரையும் சண்டை போடாது. ஏற்கெனவே என்ன சாப்பிடுறாங்கன்னு பாத்துத்தான் குடுப்போம். ஆனா மறைச்சா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தேடினேன். ஷேவிங் பையில் நான் வைத்த இரண்டு அட்டையும் உங்கள் ஆபீஸ் ஷூவுக்குள் இருந்தன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. புறப்படும் முன்பே எடுத்துவிட்டீர்கள். வாழ்வகத்தின் மேல் நான் பட்ட சந்தேகத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன், அந்தத் தோணியைத் தவிர.

அந்த மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பதை நான் கவனிக்காமல் இல்லை. அது இல்லாமல் வாழ முடிகிற ஓர் இடம் இருக்கும் என்று நினைத்துத்தான் போயிருக்கிறீர்கள். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அஸ்வதியிடம் அப்பாவுக்குச் சேறு ஒத்துக்கொண்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. ஏசுஅடிமை வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தங்கையன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு வாழையிலைப் பொதி இருக்கும். இன்று காலை தாணுமாலயன் சன்னதியில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்து வாங்கிய சந்தனம், அதன் கூடவே மாத்திரை அட்டை இரண்டும். பிரசாதம் என்று எது வந்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறவர் நீங்கள். சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். மற்றதை டாக்டர் சுபிதா முன்னால் விழுங்குங்கள். அவளிடம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை எடுக்காவிட்டால் நாளைக்கே பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவதாக அவளும் சொல்லியிருக்கிறாள்.

மாத்திரையைச் செம்பருத்திச் செடி மூட்டில் போட்டுவிட்டு அட்டையை மட்டும் காட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கே தோன்றியது. அதனால்தான் சுபிதா.

முழுக்க இருந்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள். கஷாயம் குடியுங்கள், சேற்றில் நடங்கள், மௌனமாக இருங்கள். தாணுமாலயன் துணை இருப்பார். பதில் கடிதம் எழுத வேண்டாம், நான் நம்ப மாட்டேன். தங்கையன் வாசலில் நிற்பான். ஒரு குழி காலியான அட்டையை அவனிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே நான் அதை வாசித்துக்கொள்வேன்.

உங்கள்,
பகவதி.