அறுபத்தைந்து காரும் உன் சித்தியின் பெட்டியும்

ரூஜ், ரொறன்ரோ
2025 மார்கழி

என் அருமை மகள் ஏஞ்சலாவுக்கு,

ஆண்டவரின் கிருபையாலும் உன் சித்தி பூசிவிடும் தைலத்தாலும் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம். கிழக்குத் திமோரில், டிலியில் நீயும் உன் கிளினிக்கில் இருப்பவர்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். இனி அறியத்தருவது என்னவென்றால், எவராலும் நம்பமுடியாத ஒரு கதையை உனக்கு எழுதப்போகிறேன், வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன், இடது கையில் தேத்தண்ணி இருக்கிறது. போன கிழமை கொட்டிய பனியில் எங்கள் வீடு கூரையோடு மறைந்துவிட்டது, தபால்காரப் பெடியன் வாசலைக் காணாமல் புகைபோக்கி வழியாகத்தான் கடிதங்களைப் போட்டான்.

உன் அப்பா போனபின் உன்னை நாங்கள் வளர்த்த காலம் முழுக்க நீ பார்த்ததுதான், நான் என்ன சொன்னாலும் உன் சித்தி வேரோனிக்கா அதைப் பத்தால் பிரித்துத்தான் காதில் வாங்குவாள். நூறு பேர் வருகிறார்கள் என்றால் பத்துப் பேருக்குத்தான் சோறு போடுவாள். அந்தக் கணக்கில் இந்த வீடு நன்றாகத்தான் ஓடியது. இந்தப் புரட்டாதியில் அது கவிழ்ந்தது. உங்கள் கிழக்குத் திமோரில் பாராளுமன்ற உறுப்பினர் அறுபத்தைந்து பேருக்கும் ஆளுக்கொரு புதுக் கார் வாங்கப் போகிறார்கள் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், பொலிஸ் கண்ணீர்ப் புகை அடித்தது, இதெல்லாம் நீ அறிந்தது. நான் அறியாதது, அந்தப் புகைக்குள் ஒரு பெடியனின் கண்ணைக் கழுவிக்கொண்டு நீ நிற்கிற படம் உன் சித்தியின் போனுக்கு வந்துசேரும் என்பது. முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் உன் கையில் இருந்த சிவப்புத் தண்ணீர்ப் போத்தல் அவள் வாங்கித் தந்தது, மூடியில் உன் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

அவள் பயப்படக்கூடாதே என்று நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விசயத்தைக் குறைத்துச் சொன்னேன். சின்னப் புகைதானப்பா, நாலைந்து பெடியள் சும்மா நிண்டவை எண்டேன். அவ்வளவுதான், அவள் கதிரையில் இருந்துவிட்டாள். கொசுவைப் பார்த்துக் கழுகு எண்டு சொல்ற மனுசன் நீங்கள், இப்ப சின்னப் புகை எண்டுறீங்கள், அப்ப என்ர பிள்ளைக்கு ஏதோ நடந்துபோச்சு எண்டாள். நான் மெய்யாகவே ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் வெளுத்தது. எங்கட ஊரில புகைக்குப் பிறகு என்ன வந்தது எண்டு நான் பாத்தனான், எனக்குச் சொல்லவேண்டாம் எண்டாள். பெட்டியை இறக்கினாள். குளிர்க்கோட்டு, செபமாலை, மூன்று பக்கற் ரஸ்க், எல்லாவற்றையும் அடுக்கி வாசலில் வைத்தாள். ரிக்கற்றை எடுங்கோ, நான் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டாள். டிலியில் குளிர்க்கோட்டுக்கு என்ன வேலை என்று கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

பிறகு நீ போனில் வந்தாய். சித்தி, காரை வேண்டாமெண்டு விட்டிட்டினம் எண்டாய். ஆர், சனமோ எண்டு கேட்டாள். இல்லைச் சித்தி, பாராளுமன்றம்தான், வோட்டுப் போட்டு எண்டாய். மகள், இதை நான் பெரிதாக்கி எழுதத் தேவையில்லை. சனம் கத்தினதுக்கு ஒரு அரசாங்கம் காது குடுத்தது என்பதை அறுபது வயதுக்குப் பிறகு கேட்கிறோம், அதை எந்த மூலையில் வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. அதோடு நிற்காமல் அவர்களின் ஆயுட்காலப் பென்சனையும் நிறுத்திவிட்டார்கள் என்று அடுத்த கிழமை நீ சொன்னபோது, நான் வைத்திருந்த கோப்பை தானாகவே எழும்பி மேசையில் போய் இருந்தது. ஐப்பசியில் உங்கள் கொடியை ஆசியான் நாடுகளின் கொடிகளோடு பதினோராவதாக ஏற்றியதை அவள் மூன்று தரம் பார்த்தாள். கார்த்திகையில் சுதந்திரம் அறிவித்த ஐம்பதாவது ஆண்டு என்று நீ படம் அனுப்பினாய். எல்லாம் பார்த்தாள், ஆனால் பெட்டி மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. அந்த நேரத்தில்தான் உன் கேள்வி வந்தது, கிளினிக்கில இன்னும் இரண்டு வருசம் இருக்கச் சொல்லிக் கேக்கினம், சித்தி ஓம் எண்டாத்தான் கையெழுத்து வைப்பன் எண்டு.

போன சனிக்கிழமை ஹீற்றர் நின்றுபோனது. பக்கத்து வீட்டு ஸம்சுதீன் அதைத் திருத்த வந்தான். வேலை நடக்கும்போது பேச்சுத்துணைக்கு உங்கள் நாட்டுக் கதையை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். அமிர்தண்ணை, உங்கட பனிக்கரடிக் கதையை எண்டாலும் நம்பலாம், பாராளுமன்றம் காரை வேண்டாமெண்டதோ, உதை நான் வாங்கமாட்டன் எண்டு சிரித்தான். குசினிக்குள் இருந்து உன் சித்தி அகப்பையோடு வந்தாள். தம்பி, இந்த மனுசன் சொல்றதில பத்தில ஒண்டைத்தான் எடுக்கவேணும், ஆனா இது என்ர பிள்ளை சொன்னது, நூறு காரையும் வேண்டாமெண்டு விட்டவை எண்டாள். அறுபத்தைந்தப்பா என்று மெல்லச் சொன்னேன். பேசாமல் இருங்கோ, நூறு எண்டாள். ஸம்சுதீன் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு, அவ்வளவு நல்ல இடமெண்டால் ஏனக்கா பெட்டி வாசல்ல நிக்குது எண்டு கேட்டான்.

அதன்பின் நடந்ததை எழுத என் பேனா நடுங்குகிறது. வேரோனிக்கா அகப்பையைச் செங்கோல் போல உயர்த்தி நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தாள், உன் வேலையையும் உன் துணிவையும் கிழக்குத் திமோரின் சரித்திரத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து விளக்கினாள், ஸம்சுதீன் விம்மி அழுதான், ஹீற்றர் தானாகவே வேலை செய்யத் தொடங்கியது, தூரத்து ஸ்ரௌவ்வில் ஊர் வரைக்கும் கைதட்டல் கேட்டது. இப்போது பெட்டிக்குள் கோட்டு இல்லை. மிளகாய்த்தூளும் நத்தார்ப் பலகாரமும் இருக்கின்றன, திங்கட்கிழமை அனுப்புகிறோம்.

வெயிலில் தொப்பி போடு. ஞாயிறு பூசையை விடாதே. புகை அடிக்கிற இடத்தில் நின்றால் எங்களுக்கு முதலில் சொல்லிவிட்டு நில். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. எங்கள் இருவரின் ஆசீரும் எப்போதும் உன்னோடு.

உன் அன்புச் சித்தப்பா,
அமிர்தநாதர்

பி.கு. பனியைப் பத்தால் பிரி. பிரசங்கத்தை நூறால் பிரி. அவள் ஸம்சுதீனுக்குப் பதிலே சொல்லவில்லை. அவன் போனபிறகு, கோப்பை கழுவிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், பிள்ளை நிக்கட்டும், அவளுக்கு அங்க வேலை இருக்கு எண்டாள். அது மட்டும் உண்மை. அதைப் பிரிக்காதே.