ஏரியில் அறுத்த ஐஸ்

மாமாவுக்கு தேசம்மா எழுதுவது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா வந்து நாலு மாசம், நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நேற்று மீன் வாங்கிவந்தார்கள். மீன் விற்ற கைப்பழக்கத்தில் நான் வாளியோடு போய், வீட்டுக்குப் பின்னால் உறைந்து கிடக்கும் ஏரியில் ஐஸ் உடைத்தேன். "யம்மா, வெளிய வச்ச மீனே கல்லாயிகீது, அதுக்கு இன்னாத்துக்கு ஐஸு?" என்று நம் மகள் தாரணி சிரித்தாள்.

பனிப்பாறை நகர்ந்து தோண்டிய பள்ளம்தானாம் இந்த ஏரி. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஏரிகளில் ஐஸை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் பொத்தி, கப்பலில் மதராசுக்கு அனுப்பினார்களாம். அதை வைக்கத்தான் நம் கடற்கரை ஓரத்து ஐஸ் ஹவுஸைக் கட்டினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, கண்ணை மூடினால் இந்த ஏரி மெல்ல மிதந்து நம் நொச்சிக்குப்பம் போகிறது. நானும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

தாரணி இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்கிறாள். சரி என்றுவிட்டேன். ஆனால் சுனாமி வருஷம் நான் நாலு நாள் மீன் விற்கப் போகாததற்கே, உங்கள் தங்கச்சி சுலோச்சனா என் இடத்தில் ஒரு முழம் பிடித்துக்கொண்டாள். இன்றுவரை விடவில்லை.

குழந்தை எழுந்துவிட்டது. தினமும் காலையில் ரோட்டோரம் என் இடத்தில் என் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். "அண்ணி எப்ப வரும்?" என்று சுலோச்சனா நைசாகக் கேட்டால், "வந்துகினே கீறா" என்று மட்டும் சொல்லுங்கள்.