கடலுக்குக் காய்ச்சல் கண்ட வருஷம்

பனமரத்துப்பட்டி
பிரமோதூத வருஷம், ஆவணி மாதம்

சிரஞ்சீவி சண்முகவேலுக்கு அப்பன் காளியப்பன் எழுதுவது. இங்கே நானும் எருதுகள் இரண்டும் சௌக்கியம், அங்கே உன் சுகத்தையும் கடலின் சுகத்தையும் விவரமாக எழுத வேண்டியது. நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும், ஒற்று எங்கேயாவது விட்டுப் போயிருந்தால் நீயே போட்டுக்கொள்.

சிங்கப்பூரிலிருந்து நீ போட்ட கடிதம் வைகாசியிலேயே வந்தது. கப்பலிலிருந்து கயிற்றில் வாளி கட்டி இறக்கி, கடல் தண்ணீரை மொண்டு, அதில் கண்ணாடிக் குழாயை வைத்துச் சூடு பார்ப்பதுதான் உன் வேலை என்று எழுதியிருந்தாய். இங்கே கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைக்கச் சொன்னால் உனக்கு வயிற்றுவலி வந்துவிடும், அங்கே கடலையே இறைக்கிறாயாக்கும். கிழக்கே எங்கோ தூரத்துக் கடல் இந்த வருஷம் வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டது, அதனால் காற்றுக்கு அந்தப் பக்கமே இழுப்பு, நம் பக்கம் வர வேண்டிய மேகம் அங்கேயே கொட்டிவிடும், ஆடி மழையை நம்ப வேண்டாம் என்று உன் துரை சொன்னதாகவும் எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்த மட்டும், வழியில் எவனோ பந்தி போட்டுவிட்டான், விருந்தாளி நம் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதானே. அதோடு நிறுத்தினாயா, மழை பெய்தால் உழவுக்கு வருகிறேன், பெய்யாவிட்டால் கப்பலிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தாய். அந்த ஒரு வரியை மட்டும் நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

மற்றதை மாரியம்மன் கோயிலில் வைத்து எல்லாருக்கும் படித்தேன், அதுதான் வம்பாகப் போயிற்று. கடல் சூடாக இருக்கிறது என்றதும் உன் சின்னம்மா குப்பாயி எழுந்து, ஏனுங்க மாமா, ஒடம்பு சுட்டா அது அம்மையில்லீங்களா, கடலுக்கே ஆத்தா வந்திருக்கறா, இந்தப் பையன் அதுக்குள்ள வாளிய உட்டுக் கலக்கறானே, அடுக்குமுங்களா என்று கேட்டுவிட்டாள். அதன்பிறகு நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடலுக்குப் போக நம்மால் ஆகாது, எல்லாம் ஒரே தண்ணிதானே என்று மஞ்சளும் வேப்பிலையும் கொண்டுபோய் ஏரியில் விட்டார்கள். ஏரியிலும் நடுவில்தான் கொஞ்சம் தண்ணீர், சேற்றில் முழங்கால்வரை இறங்கிப் போனார்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாதல்லவா, குப்பாயி ஒரு வாரம் கடுகு தாளிக்கவில்லை. உன் சித்தப்பன் அப்புசாமி, கடலுக்கு வந்த காய்ச்சலுக்கு நான் எதுக்குண்ணா பத்தியஞ் சாப்படோணும் என்று என்னிடம் வந்து அழுதான். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எருதுகள் மிரண்டன. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியிலேயே நின்றுபோயிற்று.

ஆடியில் காற்று வந்தது, வேட்டியை உருவுகிற காற்று. மழை வரவில்லை. நீ எழுதியிருந்தும் நான் மேட்டுக்காட்டில் நிலக்கடலை விதைத்தேன். பக்கத்துக் காட்டுக்காரன் சின்னண்ணன் வரப்பில் நின்று, ஏப்பா, பையன் அங்கிருந்து வேண்டாமுன்னு எழுதியும் புழுதீல போடறியே, கிறுக்கா உனக்கு என்று கேட்டான். விதையைப் பார்த்தாவது வானத்துக்கு வெட்கம் வரட்டும் என்று சொல்லி வைத்தேன். வெட்கம் வந்து பெய்தால் நீயும் வருவாய் என்பதை அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஒரு தூறலில் முளைத்தது, பிறகு தலை சாய்ந்தது. நீயும் உன் துரையும் ஜெயித்தீர்கள், சந்தோஷமாக இரு.

உன் அம்மா போனபிறகு களி கிண்டினால் அளவு பிடிபடவில்லை, எப்போதும் ஓர் ஆளுக்கு மிஞ்சுகிறது. செவலை எருதை உன் பேர் சொல்லித்தான் திட்டுகிறேன். அது ஒன்றும் தப்புச் செய்யவில்லை, இந்த வீட்டுக்குள் அந்தப் பேர் கேட்க வேண்டும் என்றுதான்.

சண்முகவேலு, என் சாமி, கிணற்றில் ஒரு பாத்தி ராகிக்குத் தண்ணீர் இருக்கிறது, இரண்டு வயிற்றுக்குப் போதும். அந்தக் கடல் சூடான வருஷத்தில் ஐப்பசி மழை நம் பக்கம் நன்றாகவே பெய்யக்கூடும் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். பெய்தால் கொள்ளு விதைக்கலாம். பெய்யாவிட்டாலும் போகட்டும். புரட்டாசி முடிவில் கையெழுத்து என்றாய், அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் சேர வேண்டும் என்று அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொண்டுதான் தபாலில் போடுகிறேன். குளிர்ந்த காற்றில் தலைக்குத் துணி கட்டிக்கொள், வாளி இறக்கும்போது எட்டிப் பார்க்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். புறப்படும்போது ஒரு கார்டு போடு, சேலம் டேசனுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். மழை இல்லையே, வந்து என்ன செய்வது என்று யோசிக்காதே. வேலைக்கு இங்கே ஆள் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருக்கத்தான் ஓர் ஆள் குறைகிறது.

இப்படிக்கு
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பன்
காளியப்பன்