சங்கிலிக்கு இறங்காத வீக்கம்

6-6-1937, ஞாயிறு

மழையைக் காணோம். மனைவி நாகம்மா நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தாள். ஒரு துண்டை நாக்கில் வைத்ததுமே வலது தாடைக்கு அடியில் சுருக்கென்று இழுத்தது. சாப்பிட்டு எழுவதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் தானாக வற்றியது. தங்கை மங்கைக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி கல்யாணம். அப்பா இல்லாததால் தாரை வார்க்க வேண்டியவன் நான். இந்த மூஞ்சியோடா?

8-6-1937, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் வீக்கம். பக்கத்து வீட்டுச் செல்லம்மா எட்டிப் பார்த்தாள். "பொன்னுக்கு வீங்கிதான் அண்ணே. எங்க அன்னக்கிளிக்கு இப்பத்தானே வந்திருக்கு. கழுத்துல பொன்னைப் போடுங்க, இறங்கிடும்." கல்யாணத்துக்கென்று செய்து வைத்த மங்கையின் சங்கிலியை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. "பாத்தீங்களா!" என்றாள் செல்லம்மா. முந்தாநாள் பொன் இல்லாமலே இறங்கியது என்று சொன்னேன். யார் கேட்கிறார்கள்? பொன்னுக்கு இறங்கினால் அது பொன்னுக்கு வீங்கி. கதை முடிந்தது.

9-6-1937

சங்கிலியோடு பட்டறைக்குப் போனேன். ஃபோர்மேன் லேத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை. சுழலும்போது சங்கிலி மாட்டினால் கழுத்து போய்விடும் என்றான். நியாயம். ஆனால் பக்கத்து லேத்துக் காதர் பாய் என் கூஜாத் தண்ணீரை வேண்டாம் என்றதுதான் உறுத்துகிறது. "நக்கோ பாய், எனக்குப் புள்ளகுட்டி இருக்கு." பத்து வருஷமாக ஒரே கூஜா.

13-6-1937, ஞாயிறு

மெட்டுகுடாவிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் அம்மணியம்மாள் வந்தார். செய்தி அங்கே வரைக்கும் போயிருக்கிறது. வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. வயசுப் பையனுக்கு இது ஒட்டிக்கிட்டா இறங்கக் கூடாத எடத்துல இறங்கிடும்னு சொல்றாங்க. எனக்கு வேணுகோபால் ஒருத்தன்தான். அவனுக்கு இது சின்ன வயசுலயும் வந்ததில்ல. தாரை வார்க்க வேற யாரையாவது வெச்சுக்கோங்க. நீங்க பந்தலுக்கு வர வேணாம்."

மங்கைக்கு மூன்று வயதில் அம்மா போனாள். தூக்கி வளர்த்தவன் நான். அவள் கையை இன்னொருவன் பிடித்துக் கொடுப்பானாம், நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனாம். கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இத்தனைக்கும் என் பெண் தங்கமும் அன்னக்கிளியும் நாள் முழுக்க ஒரே பாயில் கூழாங்கல் ஆடுகிறார்கள். ஒதுக்கப்பட்டவன் நான் ஒருவன்தான்.

16-6-1937, புதன்

மோண்டா மார்க்கெட் பக்கம் டாக்டர் சாரங்கபாணியிடம் போனேன். காய்ச்சல் உண்டா? இல்லை. இரண்டு பக்கமுமா? ஒரு பக்கம்தான். சாப்பிடும்போது மட்டுமா? ஆமாம். எலுமிச்சம்பழத்தை நறுக்கி என் நாக்கில் பிழிந்துவிட்டு எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வீங்கியது. நாக்குக்கு அடியில் விரலை விட்டுத் தடவியவர் சிரித்தார்.

"தேவராஜ், உன் எச்சில் குழாயில கல்லு அடைச்சிருக்கு. சாப்பாட்டைக் கண்டா எச்சில் ஊறும். வழியில்லாம வீங்கும். மெதுவா வடிஞ்சா வத்திடும். பொன்னும் இல்ல, வெள்ளியும் இல்ல."

"யாருக்காவது ஒட்டுமா?"

"கல்லு எப்படிய்யா ஒட்டும்?"

துளி கீறி இடுக்கியால் எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு நூல் கனம் இருக்கும். இதற்கா இத்தனை பாடு!

20-6-1937

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மெட்டுகுடா போனேன். அம்மணியம்மாள் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தாரை வார்ப்பது நான்தான். பந்தலில் தலை நிமிர்ந்து நிற்பேன்.

27-6-1937

பத்திரிகை கொடுத்து முடிந்தது. வேட்டி எடுத்தாயிற்று.

30-6-1937, புதன்

தங்கத்துக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இன்று எழுந்ததும் காதைப் பிடித்துக்கொண்டு "நொப்பி, நாயனா, நொப்பி" என்று அழுதாள். தெலுங்குப் பிள்ளைகளோடு ஆடுவதால் வலியைக்கூடத் தெலுங்கில்தான் சொல்கிறாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

சங்கிலியைப் போட்டார்கள். ஒரு மணி, இரண்டு மணி, சாயங்காலம் வரைக்கும் இறங்கவில்லை. நாகம்மாவின் முகம் தெளிந்தது. "ஏங்க, பொன்னுக்கு வீங்கியா இருந்தா பொன்னுக்கு இறங்கியிருக்கணும் இல்ல? இறங்கல. அப்போ இது உங்க கல்லு மாதிரிதான். ஒட்டாது." செல்லம்மாவும் ஆமாம் என்றாள்.

காய்ச்சல் எனக்கு இருந்ததா? இரண்டு பக்கமும் வீங்கியதா? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும்.

மங்கை தினமும் தங்கத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். ஒரே தட்டில் சாப்பாடு.

1-7-1937, வியாழன்

டாக்டர் தங்கத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இதுதான் அசல் பொன்னுக்கு வீங்கி, ஒட்டும். மங்கைக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. வந்திருந்தால் பயமில்லை, வராமல் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள். இப்போது விட்டால் ஆடி. அப்புறம் ஆவணிதான்.

வீட்டில் யாரிடமும் மறைக்கவில்லை, அப்படியே சொன்னேன். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அங்க சொல்லாத. எனக்கு வராது. வந்தாலும் நான் பாத்துக்கறேன். சொன்னா நின்னுடும் அண்ணா."

சொல்ல வேண்டியதே இல்லை. டாக்டர் எனக்குக் கொடுத்த கடிதம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. தங்கத்துக்கும் அப்பனைப் போலக் கல் என்றால் நம்பிவிடுவார்கள். ஊரே நம்பும். என்னை அநியாயமாக ஒதுக்கினார்களே, அவர்களுக்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

அந்தப் பையன் வேணுகோபால் என்ன பாவம் செய்தான்?

2-7-1937, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அம்மணியம்மாள் கத்தினார். "அன்னிக்குக் கல்லுன்னீங்க, இன்னிக்கு இல்லைங்கறீங்க. எதை நம்பறது? ஆவணிக்குள்ள நல்ல எடம் வந்தா நாங்க பாத்துக்குவோம்." மாப்பிள்ளை தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

மங்கையிடம் சொன்னபோது அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள்.

4-7-1937, ஞாயிறு

ஒன்பதரை மணி முகூர்த்தம். அந்த நேரத்தில் மங்கை தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

11-7-1937

தங்கம் எழுந்து ஓடுகிறாள். மங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வராமலே போனால்? வீணாகக் கெடுத்தேனா? தங்கைக்கு நோய் வராதா என்று காத்துக்கொண்டிருக்கிறேன், சீ, என்ன மனுஷன் நான்!

17-7-1937, சனி

மங்கைக்குக் காய்ச்சல். இடது காதுக்குக் கீழே வீக்கம்.

18-7-1937

இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

"அண்ணா."

பதினாறு நாளுக்கப்புறம்.

"இந்நேரம் அங்க இருந்திருப்பேன் இல்ல?"

ஆமாம் என்றேன்.

"அவருக்கு ஒட்டவெச்சிருப்பேன்." கண்ணில் நீர் கொட்டியது. "நீ சொல்லாம விட்டிருந்தா, நான் அந்த வீட்டு வம்சத்தையே..."

பேசாதே, வலிக்கும் என்றேன். வெளியே வந்து அழுதேன். நிம்மதியில் அழுதேனா, அவள் படும் பாட்டைப் பார்த்து அழுதேனா, தெரியவில்லை. இரண்டும்தான்.

21-7-1937

அம்மணியம்மாள் வந்தார். யார் சொன்னார்களோ. நான் வெளியே போய் வாசலிலேயே நிறுத்தினேன், இன்னும் ஒரு வாரத்துக்கு உள்ளே வராதீர்கள் என்றேன். சன்னல் வழியாக மங்கையைப் பார்த்தபடி வெகு நேரம் மழையில் நின்றார். போகும்போது, "வேற எடமெல்லாம் பாக்கலைங்க" என்றார்.

22-8-1937, ஞாயிறு

தாரை வார்த்தேன். அவசரத்தில் தண்ணீர் பாதி மங்கையின் சேலையில் கொட்டிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து, "மெதுவா அண்ணா" என்றாள்.